கடைப் பார்ஸ்லியைத் தண்ணியில் வெச்சா வேர் விடுமா? (பாலக்காடு மாவட்டம், கிழக்குச் சித்தூர், மொட்டை மாடி)

வேலந்தாவளம் ரோடு | 2023 செப்டம்பர் 17, இரவு 9:12

கோயமுத்தூரில் வாங்கின பார்ஸ்லிக் கட்டு (கொத்தமல்லி சாயலில் இருக்கிற மேல்நாட்டு இலை). புதினா மாதிரி டம்ளர் தண்ணியில் நிறுத்தினா வேர் விடும், அப்புறம் தொட்டிக்கு மாத்திக்கலாம்னு ஒரு வீடியோவில் சொன்னாங்க. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, அடி வழவழன்னு ஆனதுதான் மிச்சம். விதையும் ஒரு பாக்கெட் இருந்தது, ஜூலையில் போட்டேன், ஒண்ணுகூட எட்டிப் பார்க்கலை. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருந்துட்டு வந்தவர், வெள்ளிக்கிழமை தபூலே (பார்ஸ்லி இலையைச் சீவிப் போடற அரபுச் சாலட்) வேணும் அவருக்கு. எங்க கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கு இது வரவே வராதா? மொட்டை மாடி, பன்னிரண்டு இஞ்ச் க்ரோபேக், போர் தண்ணி.

கருமண் | செப்டம்பர் 17, இரவு 10:05

வேர் விடாது. கட்டில் இருப்பது தண்டே இல்லை, இலைக்காம்பு. புதினாவுக்குக் கணு உண்டு, வேர் அந்தக் கணுவில்தான் கிளம்பும். பார்ஸ்லிக்கு முதல் வருஷம் தண்டுன்னு இருப்பது மண் மட்டத்தில் விரல்கடை அளவு குருத்துக்கட்டை மட்டும். எல்லாக் காம்பும் அங்கிருந்துதான் வருது. அதை விட்டுட்டு அறுத்த காம்பைக் கட்டி விக்கிறாங்க. டம்ளர் தண்ணி சமையலுக்கு வாடாம வெச்சுக்க நல்லது, அவ்வளவுதான்.

இங்கே வரும். ஆனா மாசம் பார்த்துப் போடணும். விதை விஷயத்துக்கு நாளைக்கு எழுதறேன். பாக்கெட்டைத் திருப்பி எந்த வருஷத்து விதைன்னு மட்டும் பாருங்க.

வேலந்தாவளம் ரோடு | செப்டம்பர் 18, காலை 7:30

பேக் செஞ்ச தேதி 2021 மார்ச்னு இருக்கு அண்ணா.

கருமண் | செப்டம்பர் 18, இரவு 8:48

அப்போ பாதி விடை அதுலயே இருக்கு. பார்ஸ்லி விதை ஒரு வருஷம் நல்லா இருக்கும், இரண்டாம் வருஷம் சுமார், அதுக்கப்புறம் லாட்டரி. கடை அலமாரிச் சூட்டில் கிடந்த பாக்கெட்டுன்னா இன்னும் மோசம்.

மீதிப் பாதி: ஜூலையில் இங்கே சூட்டைக் குறை சொல்ல முடியாது. 20-லிருந்து 25 டிகிரியில் இரண்டு வாரத்தில் முளைக்கும், 30-லயும் முளைக்கும், 35 ஆனாத்தான் முளைப்பு நின்னுபோகும். ஜூலையில் அவ்வளவு சூடு வராது, ஆனா காத்து அடிக்கும். மேல் மண் அரை இஞ்ச் காலையில் ஈரம், மத்தியானம் பொடி. கொத்தமல்லி ஒரு வாரம் பத்து நாளில் வெளிய வந்துடும், அதனால் தாங்கிக்கும். பார்ஸ்லி மூணு வாரம்கூட எடுக்கும். அந்த மூணு வாரத்தில் ஒரு மத்தியானம் காய்ஞ்சா உள்ளே கிளம்பின முளை செத்துடும், வெளியே ஒண்ணும் தெரியாது. முளைக்கலைன்னு நாம நினைப்போம், முளைச்சுச் செத்திருக்கும்.

இப்படிப் பண்ணுங்க. புது விதை வாங்குங்க, ஒரு கிராம் போதும், அதில் ஐநூறுக்கு மேல இருக்கும். இருபது விதையை மட்டும் எடுத்து ராத்திரி வெதுவெதுப்பான தண்ணியில் போட்டு மூடி வைங்க. காலையில் தண்ணி வெளிர் பழுப்பா இருக்கும், அதை ஊத்திடுங்க. முளைப்பைத் தடுக்கிற சரக்கு விதைத்தோலில் இருக்கு, ஊறும்போது அதில் கொஞ்சம் இறங்கிடும். புதுத் தண்ணி மாத்தி இன்னொரு ஆறு மணி நேரம். அப்புறம் நனைச்சுப் பிழிஞ்ச டிஷ்யூவில் பரப்பி மடிச்சு டிபன் டப்பாவில் மூடி வைங்க. மண்பானை வெச்சிருக்கீங்களா? அதன் அடி மணல் மேல டப்பாவை வைங்க. வீட்டில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது, ஃபிரிட்ஜ் வேண்டாம்.

பத்தாம் நாளிலிருந்து தினம் பாருங்க. வெள்ளை முளை 2, 3 மில்லிமீட்டர் வந்ததும் டூத்பிக் நுனியால எடுத்து மண்ணில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைங்க. இருபத்தொண்ணு நாளில் இருபதுக்கு எட்டு வரலைன்னா அந்தப் பாக்கெட்டை மறந்துடலாம், கடைக்காரர்கிட்ட சண்டை போட்டு ஆகப்போவது ஒண்ணுமில்லை.

கருமண் | செப்டம்பர் 18, இரவு 9:20

எழுத விட்டது. நேரா பையிலேயே விதைக்கிறதா இருந்தா மேல ஈரச் சாக்கு போட்டு வைங்க, ஆனா பத்தாம் நாளிலிருந்து தினம் தூக்கிப் பாருங்க. முளை வந்த அன்னைக்கே எடுத்துடணும். ஒரு நாள் தாமதிச்சாலும் நாத்து வெளுத்து நீண்டு சாக்குலயே சிக்கிக்கும், எடுக்கும்போது கூடவே வரும்.

சூரியநெல்லி | செப்டம்பர் 19, மதியம் 1:15

விதை முறை சரி. மண்ணைப் பத்தி யாரும் சொல்லலை. பை நிரப்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பைக்கு 50 கிராம் கும்மாயம் (சுண்ணாம்புத் தூள்) கலந்து ஈரமா வைங்க. அப்புறம்தான் சாணி, வேப்பம் புண்ணாக்கு. கேரள மண்ணுக்குக் கும்மாயம் இல்லாம எதுவும் வராது. பார்ஸ்லிக்கு 6-லிருந்து 7 பி.எச். (மண்ணோட புளிப்பு-கார அளவு, 7-க்குக் கீழ புளிப்பு, மேல காரம்) வேணும்.

கருமண் | செப்டம்பர் 19, மாலை 6:02

உங்க மூணாறு மலைக்குச் சரி, கொழிஞ்சாம்பாறைக்கு வேண்டாம். கேரளா முழுக்கப் புளிப்பு மண்தான், ஆனா கருமண் இருக்கிறது இந்தச் சித்தூர் தாலூக்காவில் மட்டும். இது கார மண், அடியில் சுண்ணாம்புச் சுக்கான்கல் கிடக்குது. இதுல கும்மாயம் போட்டா இருக்கிற இரும்பும் பூட்டிக்கும், செடி வெளுக்கும். கிருஷிபவன் (கேரள வேளாண்மை ஆபீஸ்) நோட்டீஸில் எல்லாப் பையிலும் கும்மாயம்னு இருக்கும். அது மாநிலத்துக்குப் பொதுவா எழுதினது, இந்த மூலைக்கு எழுதினதில்லை.

சந்தேகம் இருந்தா மண்ணைக் கேட்டுடலாம். காய்ஞ்ச மண் ஒரு ஸ்பூன் எவர்சில்வர் டம்ளரில் போட்டு, ரெண்டு ஸ்பூன் வினிகர் ஊத்தி, டம்ளரைக் காதுகிட்ட பிடிங்க. சுண்ணாம்பு இருந்தா ஸ்ஸ்ஸ்னு சத்தம் வரும், நுரை ஓரமா ஏறும். சத்தம் வந்த மண்ணுக்குக் கும்மாயம், சாம்பல், முட்டைத்தோல் மூணும் வேண்டாம்.

சூரியநெல்லி | செப்டம்பர் 19, இரவு 8:40

ஒத்துக்கறேன், நான் மேல இருந்துகிட்டு சொன்னேன். இங்கே வினிகர் இல்லை, ஆசிட் ஊத்தினாலும் மண் வாயே திறக்காது.

வேலந்தாவளம் ரோடு | செப்டம்பர் 20, காலை 10:10

சத்தம் வந்துச்சு!! பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் கேக்க வெச்சேன்.

கருமண் | செப்டம்பர் 20, இரவு 9:30

அப்போ பை நிரப்புறது.

கருமண்ணை மட்டும் பையில் போடாதீங்க. காய்ஞ்சா சுருங்கி ஓரத்தை விட்டு விலகிடும், ஊத்தற தண்ணி அந்த இடைவெளியில் வழிஞ்சு அடியில் வந்துடும். மேல ஈரம், அடியில் ஈரம், நடுவில் வேர் இருக்கிற இடம் எலும்பு மாதிரி. ஒரு பங்கு மண், ஒரு பங்கு நல்லா மக்கின சாணி அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு அலசின தென்னைநார்த் தூள், ஒரு பங்கு பருமணல். ஆத்து மணல் இப்போ கிடைக்காது, எம்-சாண்ட்ன்னா சல்லடை போட்டுத் தூசை அலசித் தள்ளிட்டு மீதியை எடுங்க. தூசோட போட்டா அடியில் சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிடும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

தென்னைநார்க் கட்டியைப் பக்கெட்டில் ஊற வெச்சுப் பிழிஞ்சு மூணு தண்ணி மாத்துங்க. நார்க்கட்டியில் உப்பு இருக்கும், நம்ம போர் தண்ணியிலும் உப்பு இருக்கும், ரெண்டும் சேர்ந்தா நாத்து இலை நுனி கருகும்.

பையின் ஆழம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கேரட் குடும்பம், ஆணிவேர் நேரா இறங்கும். அதனால் நாத்துத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுறது இதுக்கு ஒத்துவராது. பேப்பர் கப்பில் வளர்த்து ரெண்டு நிஜ இலை வரும்போது கப்போட கிழிச்சு இறக்கினா பிழைக்கும். பைக்கு மூணு செடி, நடுவில் 15 சென்டிமீட்டர் இடம். கூட முளைச்சதைப் பிடுங்காதீங்க, பக்கத்துச் செடி வேர் அசையும், கத்தரியால அடியோட நறுக்கிடுங்க.

குருத்துக்கட்டை மண் மட்டத்தில் இருக்கணும். மண் அணைக்கிற பழக்கத்தில் அதை மூடிட்டா அழுகல்தான்.

லோயர்கேம்ப் | செப்டம்பர் 21, காலை 6:50

நாத்து அழுகலுக்கு ட்ரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் சேர்த்துக் கலக்கிப் போடலாமா?

கருமண் | செப்டம்பர் 21, காலை 7:15

ஒரே நாளில் வேண்டாம், ட்ரைக்கோடெர்மா நன்மை செய்யற பூஞ்சை, சூடோமோனாஸ் நன்மை செய்யற பாக்டீரியா, ஒண்ணை ஒண்ணு அமுக்கும். பை நிரப்பும்போது சாணியில் ட்ரைக்கோடெர்மா கலந்து ஈரமா நிழலில் ரெண்டு வாரம் மூடி வெச்சுப் போடுங்க. சூடோமோனாஸ் அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு லிட்டருக்கு 20 கிராம், வேரடியில். ஆனா நாத்து அழுகலுக்கு நூத்துக்குத் தொண்ணூறு காரணம் சாயங்காலம் ஊத்தற தண்ணி. காலையில் ஊத்துங்க, ராத்திரி மேல் மண் வரண்டு தூங்கட்டும்.

சூரியநெல்லி | அக்டோபர் 8, இரவு 9:05

எந்த வகை போடறீங்க? தபூலேக்குன்னா தட்டை இலை போடுங்க. சுருட்டை இலை தட்டில் அலங்காரத்துக்கு, வாசனை குறைவு, சுருளுக்குள்ள மண் உக்காந்துக்கும், மூணு தரம் அலசினாலும் பல்லில் நறநறங்கும். 

வேலந்தாவளம் ரோடு | அக்டோபர் 24, காலை 8:00

தட்டை இலைதான். இருபதில் பதினாலு வந்தது. பன்னிரண்டை நாலு பையில் வெச்சாச்சு. ஆனா ஒரு பையில் நாத்து வேற மாதிரி இருக்கு, இலை சீக்கிரமா பெரிசாகுது, மத்ததெல்லாம் இன்னும் மெலிசா ரெண்டு நாக்கு மாதிரி நிக்குது.

கருமண் | அக்டோபர் 24, காலை 9:40

மெலிசா நாக்கு மாதிரி நிக்கிறதுதான் பார்ஸ்லி. முதல் ரெண்டும் விதையிலை, அடுத்து வர்றது மூணு பல்லு வெட்டின சின்ன இலை. சீக்கிரம் பெரிசாகி மண்ணோட ஒட்டிப் படர்றது அநேகமா பார்த்தீனியம் களை. சாணியோட வந்திருக்கும். இலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்க, பார்ஸ்லி சின்னதிலேயே வாசம் காட்டும். சித்தூர் பக்கம் பார்த்தீனியத்துக்கு உரம் வெச்சு, நிழல்வலை கட்டி, வாட்ஸப்பில் போட்டோ போடறவங்க இருக்காங்க.

வேலந்தாவளம் ரோடு | அக்டோபர் 24, காலை 9:58

பிடுங்கியாச்சு. போட்டோ யாருக்கும் அனுப்பலை.

கருமண் | நவம்பர் 19, இரவு 8:20

கிழக்குக் காத்து ஆரம்பிச்சாச்சு, அதனால் இந்தக் குறிப்பு. வாளையார் கணவாய் வழியா வர்ற காத்து பிப்ரவரி வரைக்கும் விடாது. குளிர் மாசம்தானேன்னு ஒரு வேளை தண்ணி ஊத்திட்டு விட்டா மொட்டை மாடிப் பை சாயங்காலத்துக்குள்ள உலர்ந்துடும். பைகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைங்க, கிழக்குப் பக்கம் முழங்கால் உசரத்துக்குச் சாக்கோ பச்சை வலையோ கட்டுங்க. முழுசா அடைக்க வேண்டாம், காத்தை வடிகட்டினா போதும். மண் மேல காய்ஞ்ச தென்னோலையை நறுக்கி இரண்டு விரல்கடை கனத்துக்குப் பரப்புங்க, குருத்துக்கட்டையைச் சுத்தி மட்டும் விட்டுடுங்க.

விரலை ரெண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து ஊத்தறதுதான் கணக்கு. ஊத்தினா அடியில் வழியற அளவுக்கு ஊத்துங்க, தெளிச்சுத் தெளிச்சு விடறது உப்பைத்தான் சேர்க்கும். பை விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிஞ்சா அன்னைக்கு ரெண்டு மடங்கு தண்ணி விட்டுக் கழுவி இறக்குங்க. ஏ.சி. தண்ணி ஊத்தலாம், அதில் உப்பு இல்லை. ஆர்.ஓ. மெஷின் தள்ளுற தண்ணி கூடவே கூடாது, வடிகட்டின உப்பு மொத்தமும் அதுலதான்.

வேலந்தாவளம் ரோடு | டிசம்பர் 10, மாலை 5:25

ரெண்டு பையில் நடுக்குருத்து மஞ்சளா வருது. யூரியா கொஞ்சம் கரைச்சு விடட்டுமா?

கருமண் | டிசம்பர் 10, இரவு 7:50

கைவைக்காதீங்க, முதல்ல எந்த மஞ்சள்னு பார்க்கணும்.

அடி இலை, பழசு, ஒரே சீரா மஞ்சளானா தழைச்சத்துக் குறைவு. நடுக்குருத்து, புதுசு, நரம்பு மட்டும் பச்சையா நின்னு நடுவில் வெளுத்தா இரும்பு. மண் ஈரமா இருக்கும்போதே செடி மொத்தமும் தொங்கினா வேர் அழுகல், அதுக்கு எந்த உரமும் மருந்தில்லை. நீங்க சொல்றது ரெண்டாவது. மண்ணில் இரும்பு இருக்கு, காரத்தில் பூட்டிக் கிடக்கு.

லோயர்கேம்ப் | டிசம்பர் 10, இரவு 8:15

அப்போ இரும்புச் சத்துன்னு கடையில் கேட்டு வாங்கிக் கரைச்சு விட்டா ஆச்சு.

கருமண் | டிசம்பர் 10, இரவு 8:44

அங்கேதான் காசு வீணாகும். கடையில் முதல்ல எடுத்துத் தர்றது ஈ.டி.டி.ஏ. இரும்பு (இரும்பைப் பூட்டிக்காம பிடிச்சு வெச்சிருக்கிற ஒரு ரசாயனத்தோட சேர்ந்தது). பி.எச். 6.5 தாண்டினா அது பிடியை விட்டுடும், கருமண்ணில் ஊத்தறதும் தரையில் ஊத்தறதும் ஒண்ணு. காரமண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. இரும்புன்னு கேளுங்க, கருஞ்சிவப்புத் தூள், விலை கூட. லிட்டருக்கு ஒரு கிராம், பைக்கு அரை லிட்டர், சாயங்காலம், ஈர மண்ணில். தண்ணி பீட்ரூட் சாறு நிறத்துக்கு வரும், டைல்ஸில் சிந்தினா கறை போகாது.

ஈ.டி.டி.ஏ. ஏற்கனவே வாங்கிட்டா இலையில் தெளிக்க வெச்சுக்கலாம், லிட்டருக்கு அரை கிராம், இறங்கு வெயிலில். தெளிச்சா ஒரு வாரம் பறிக்காதீங்க. வெளுத்த இலை முழுசாப் பச்சைக்குத் திரும்பாது, அடுத்து வர்ற குருத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

கருமண் | டிசம்பர் 11, காலை 6:30

நேத்து எழுதினதுக்கு மேல ஒரு யோசனை. பன்னிரண்டில் ஆறு செடிக்கு மட்டும் வெளுப்புன்னா அந்த ரெண்டு பையிலும் மண் பங்கு கூடியிருக்கலாம். அல்லது தண்ணி தேங்குதோ என்னவோ. நனைஞ்சே கிடக்கிற வேர் இரும்பை இழுக்காது, அதுக்கும் இதே வெளுப்புத்தான். மருந்து வாங்கறதுக்கு முன்னாடி பையை லேசா சாய்ச்சு அடி ஓட்டையைப் பாருங்க. ஓட்டை அடைச்சிருந்தா கம்பியால குத்தி விட்டுட்டு ஒரு வாரம் பொறுங்க. காசு மிச்சம்.

வேலந்தாவளம் ரோடு | டிசம்பர் 11, காலை 8:05

ஒரு பையில் ஓட்டை அடைச்சிருந்தது. இன்னொண்ணு சரியாத்தான் இருக்கு.

கருமண் | டிசம்பர் 11, காலை 8:20

அப்போ அந்த இன்னொண்ணுக்கு மட்டும் சிவப்புத் தூள்.

வேலந்தாவளம் ரோடு | 2024 ஜனவரி 3, மதியம் 12:10

ரெண்டும் பச்சை. எப்போ பறிக்கலாம்? நுனியைக் கிள்ளவா?

கருமண் | ஜனவரி 3, இரவு 9:00

நுனி கிள்ளறது துளசிக்கு. பார்ஸ்லியில் நுனி கிள்ளினா இலையில்லாத காம்பு நிக்கும், காயும், அழுகும், அந்த அழுகல் கட்டைக்கு இறங்கும். வெளிச்சுத்துக் காம்பை அடியில் ரெண்டு சென்டிமீட்டர் விட்டுக் கத்தரியால வெட்டுங்க. குருத்து உள்ளே இருந்து வருது, அதைத் தொடக் கூடாது. ஒரு தடவைக்கு மூணில் ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. விதைச்ச எழுபது, எண்பது நாளில் முதல் வெட்டு, நீங்க அதைத் தாண்டியாச்சு.

நாலு பேருக்குத் தபூலேன்னா ரெண்டு கைப்பிடிக் கட்டு வேணும். பன்னிரண்டு செடியில் இந்த வாரம் ஆறு, அடுத்த வாரம் ஆறுன்னு மாத்தி வெட்டினா பிப்ரவரி கடைசி வரைக்கும் ஓடும். வெட்டின அன்னைக்கு மாட்டுச்சாணி, கடலைப் புண்ணாக்கு புளிக்க வெச்ச தெளிவைப் பத்து மடங்கு தண்ணியில் கலந்து பைக்கு அரை லிட்டர். அதுவும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை போதும். தழைச்சத்து ஏறினா இலை பெரிசாகும், வாசம் இறங்கும், அசுவினிப் பூச்சி வரும். புண்ணாக்குத் தெளிவு ஊத்தற அன்னைக்குப் பக்கத்து வீட்டில் விருந்தாளி இல்லைன்னு பார்த்துக்குங்க.

லோயர்கேம்ப் | ஜனவரி 4, காலை 7:20

தபூலேக்குக் கழுவின இலையை ஈரம் போக நல்லா உலர்த்தி, கத்தியால மெலிசா சீவணும். மிக்ஸியில் போட்டா சட்னி.

பச்சைக் கொத்தமல்லி வெச்சு ஒப்பேத்தலாம்னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஆப்பிரிக்க மல்லி அதைவிட மோசம். அது நிழல்லயும் மழையிலயும் தானா வளரும், மீன் குழம்புக்கு நல்லா இருக்கும், ஆனா வாசம் முழுக்கக் கொத்தமல்லி.

சூரியநெல்லி | ஜனவரி 15, காலை 6:10

மூணாறு பக்கம் புல் மேல உறைபனி. பார்ஸ்லி காலையில் கண்ணாடி மாதிரி விறைச்சு நிக்குது, வெயில் பட்டதும் எழுந்துக்குது. லேசான பனிக்குச் சாகாது. பனி இருக்கும்போது மட்டும் தொடாதீங்க, தொட்ட இடம் கறுத்துடும்.

வேலந்தாவளம் ரோடு | ஜனவரி 28, இரவு 10:00

இலையில் ஓட்டை. காலையில் பார்த்தா புழு எதுவும் இல்லை. வெளிநாட்டு வீடியோவில் பச்சைக் கறுப்புப் பட்டைப் புழு காட்டினாங்க, அதா?

கருமண் | ஜனவரி 28, இரவு 10:25

அது அமெரிக்கப் பட்டாம்பூச்சிப் புழு, பாலக்காட்டுக்கு விசா கிடையாது. நம்ம ஊர் பட்டாம்பூச்சிப் பச்சைப்புழு கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும்தான் உக்காரும், பார்ஸ்லிக்கு வராது.

ராத்திரி ஓட்டை, பகலில் ஆள் இல்லைன்னா புரோடீனியா, அதாவது வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள்ளேயும் ஓலைக்கடியிலும் சுருண்டு கிடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல டார்ச் எடுத்துப் போங்க, சோப்புத் தண்ணி டப்பாவில் பொறுக்கிப் போடுங்க. நாலு பைக்கு மருந்து அடிக்கிறது வெட்டிவேலை. இலைக்கடியில் பழுப்புப் பஞ்சு ஒட்டின மாதிரி முட்டைக் குவியல் இருந்தா அந்த இலையையே கிள்ளி எடுத்துடுங்க, ஒரு குவியலில் நூத்துக்கணக்கில் குஞ்சு.

அசுவினி வந்தா முதல்ல குழாய்த் தண்ணியை இலைக்கடியில் பீச்சுங்க. அடங்கலைன்னா வேப்பெண்ணெய்-பூண்டுக் கரைசல்: லிட்டர் தண்ணிக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு அரைச்சு வடிகட்டின சாறு, 5 கிராம் பார்சோப் கரைச்சது. சோப்பு சரியாக் கரையலைன்னா எண்ணெய் மேல மிதந்து இலையைச் சுடும். அடிச்ச பத்து நாளைக்குத் தபூலே கசக்கும், அதனால் வெட்டி எடுத்துட்டு அடிங்க.

லோயர்கேம்ப் | பிப்ரவரி 6, மாலை 4:30

வீட்டில் ஒருத்தர் கிட்னிக்கு நல்லதுன்னு தினம் ஒரு கட்டு பார்ஸ்லி வேகவெச்சுத் தண்ணி குடிக்கிறார். வாட்ஸப்பில் வந்ததாம்.

கருமண் | பிப்ரவரி 6, இரவு 8:10

சமையலில் போடறது வேற, மருந்து மாதிரி தினம் கட்டுக் கணக்கில் குடிக்கிறது வேற. நூறு கிராம் பச்சை இலையில் வைட்டமின் கே (ரத்தம் உறைய உதவறது) ஆயிரத்து அறுநூறு மைக்ரோகிராம் பக்கம் இருக்கு, ஒரு நாளைக்கு ஒருத்தருக்குத் தேவை நூறைச் சுத்தித்தான். வார்ஃபரின், அசினோகுமரால் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க இலையைத் திடீர்னு கூட்டினாலும் குறைச்சாலும் மாத்திரைக் கணக்கு மாறிடும். கர்ப்பமா இருக்கிறவங்க கஷாயம், எண்ணெய் ரெண்டும் தொடவே கூடாது, அதில் இருக்கிற அபியோல் கருப்பையைத் தூண்டும். கிட்னியில் ஏற்கனவே பிரச்சினைன்னா டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

வேலந்தாவளம் ரோடு | மார்ச் 12, மதியம் 2:40

வெளி இலை ஓரம் கருகுது. தண்ணி ரெண்டு வேளை விடறேன்.

கருமண் | மார்ச் 12, இரவு 9:15

நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்குப் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. கையை வெச்சு எடுக்க முடியலைன்னா உள்ளே வேர் வேகுது, தண்ணி கூட்டினா வெந்நீர்தான் சேரும். பையைச் சுத்திச் சாக்கு கட்டி நனைங்க, இல்லைன்னா மாடிச் சுவர் கிழக்கு நிழலுக்கு நகர்த்துங்க. 50 சதவீதப் பச்சை வலை, காலை பத்து மணி வரைக்கும் மட்டும் நேர் வெயில். தரையோட ஒட்டி வைக்காம செங்கல் மேல தூக்கி வைங்க, சிமெண்ட் தரை ராத்திரி ஒன்பது வரைக்கும் சூடு விடும்.

இதெல்லாம் செஞ்சாலும் ஏப்ரலில் புது இலை பெரிசா வராது. பார்ஸ்லிக்கு 15-லிருந்து 25 டிகிரி சுகம், 32 தாண்டினா உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். என் யோசனை: மார்ச் கடைசியில் நல்ல காம்பெல்லாம் வெட்டி, நறுக்கி, ஐஸ் ட்ரேயில் ஆலிவ் எண்ணெய் விட்டு உறைய வைங்க. காய வைக்காதீங்க, காய்ஞ்ச பார்ஸ்லிக்கு வைக்கோல் வாசம். உறைஞ்சது தபூலேக்கு ஆகாது, சூப்புக்கும் கறிக்கும் ஆகும்.

சூரியநெல்லி | மார்ச் 14, காலை 7:00

அங்கே பூத்துடாதா? இங்கே போன வருஷத்துச் செடியெல்லாம் தண்டு நீட்டியாச்சு.

கருமண் | மார்ச் 14, மாலை 6:35

கொத்தமல்லி சூட்டில் பூக்கும். பார்ஸ்லிக்கு முதல்ல குளிர் தட்டணும், பத்து டிகிரிக்குக் கீழ சில வாரம். அது உங்க மலையில் உண்டு, இங்கே கிடையாது. இங்கே அது பூக்கறதுக்கு முன்னாடி வெந்து போகும். அதனாலதான் ரெண்டு வருஷச் செடியை இந்தப் பக்கம் ஆறு மாசப் பயிரா வெச்சுக்கறது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் விதை, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும் வெட்டு. மாசி தாண்டி அதைக் காப்பாத்த ஊத்தற தண்ணியை வெண்டைக்கு ஊத்தினா வீட்டுக்குப் பிரயோஜனம்.

வேலந்தாவளம் ரோடு | ஏப்ரல் 20, காலை 9:00

ஒன்பது போச்சு, மூணு நிக்குது. பிடுங்கினதில் ரெண்டு செடி வேரில் பட்டாணி பட்டாணியா முடிச்சு.

கருமண் | ஏப்ரல் 20, இரவு 8:05

வேர்முடிச்சு நூற்புழு. அந்தப் பையில் முன்னாடி தக்காளியோ வெண்டையோ இருந்திருக்கும். வேரை உரக்குழியில் போடாதீங்க, எரிச்சிடுங்க. மண்ணை எறிய வேண்டியதில்லை. மாடியில் பாலித்தீன் விரிச்சு, மண்ணை ஒரு சாண் கனத்துக்குள்ள பரப்பி, நல்லா நனைச்சு, மேல மெல்லிசுக் கண்ணாடி பாலித்தீன் போட்டு நாலு ஓரமும் செங்கல் வெச்சு அடைங்க. கறுப்பு ஷீட் வேண்டாம், வெயில் உள்ளே போகணும். ஆறு வாரம். நனைக்காம போட்டா வரண்ட மண்ணில் நூற்புழு தூங்கிப் பிழைச்சுக்கும்.

லோயர்கேம்ப் | ஏப்ரல் 29, மதியம் 3:15

பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை நியூஸில் ஓடுது. நூற்புழுவுக்கும் சொல்லிட்டீங்களா?

கருமண் | ஏப்ரல் 29, இரவு 7:30

இந்த வெயிலால் ஆகற ஒரே நல்ல காரியம் அது. ஷீட்டைத் திறந்து பார்க்காதீங்க, ஒரு தடவை திறந்தா சேர்ந்த சூடு போச்சு.

சூரியநெல்லி | ஜூன் 23, இரவு 8:50

இங்கே மழையில் பார்ஸ்லி இலையில் சாம்பல் புள்ளி, நடுவில் மிளகுத் தூள் தூவின மாதிரி கறுப்புப் பொட்டு. செப்டோரியாங்கிற பூஞ்சை நோய். மருந்து அடிச்சா அந்த இலையைத் திங்க முடியாது, அதனால் புள்ளி விழுந்த இலையை வெட்டி அப்புறப்படுத்திட்டு மேல மழைமறைப்பு போட்டுட்டேன், பக்கம் நாலும் திறந்தே இருக்கு. மலைக்காரங்க தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினாலே பாதி குறையும்.

பூத்த செடியில் விதை முத்துது. கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு வேணும்னா தபாலில் அனுப்பறேன், கடையில் மூணு வருஷப் பாக்கெட் வாங்க வேண்டாம்.

வேலந்தாவளம் ரோடு | ஜூன் 23, இரவு 9:10

அனுப்புங்க!! எப்படி வெச்சுக்கறது செப்டம்பர் வரைக்கும்?

சூரியநெல்லி | ஜூன் 24, காலை 6:40

விதை பிடிச்ச பூக்குடை மொத்தமும் பழுப்பானதும் காலைப் பனி காயறதுக்கு முன்னாடி வெட்டணும், வெயில் ஏறினா உதிர்ந்துடும். பேப்பர் கவரில் தலைகீழாத் தொங்கவிட்டு ரெண்டு வாரம் நிழலில் காய வெச்சு அனுப்பறேன். நீங்க சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வறுத்து ஆறின அரிசி ஒரு ஸ்பூன் துணியில் கட்டி உள்ளே வெச்சு, இறுக்கி மூடி ஃபிரிட்ஜ் கீழ்த் தட்டில் வைங்க. வருஷம் எழுதி ஒட்டுங்க. பக்கத்தில் சுருட்டை இலை பூக்கலை, அதனால் கலப்பு இருக்காது.

வேலந்தாவளம் ரோடு | ஜூன் 24, காலை 7:02

கொத்தமல்லி மாதிரி தேச்சு ரெண்டா உடைக்கணுமா?

கருமண் | ஜூன் 24, காலை 7:20

வேண்டாம். காயும்போதே தானா ரெண்டாப் பிரிஞ்சுடும், கையில் வர்றது ஏற்கனவே பாதிதான். தேச்சா அடிபடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் மூடியே இருக்கட்டும், இல்லைன்னா விதை மேல ஈரம் கட்டும்.

சூரியநெல்லி | ஜூன் 24, காலை 7:31

கவரில் கும்மாயம் வெச்சு அனுப்ப மாட்டேன், பயப்படாதீங்க.